கரண்ட் வந்தும் எழாத ரூட்டரை ஆள் அனுப்பாமல் எழுப்புவது எப்படி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உசிலம்பட்டி, எழுமலை, சேடப்பட்டி, பேரையூர் பக்கம் 26 பால் கொள்முதல் நிலையங்களில் சிம் போட்ட ரூட்டர் வைத்திருக்கிறீர்கள். எல்லாவற்றிலும் ஓபன்டபிள்யூஆர்டி என்ற, ரூட்டருக்கான லினக்ஸ். கரண்ட் போய் வந்தால் ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று எழுவதில்லை. யாராவது பைக்கில் போய் ஒயரைப் பிடுங்கி மாட்டினால் வந்துவிடுகிறது. போன மாதம் மதுரையிலிருந்தே புது ஃபர்ம்வேர் (பெட்டியை ஓட்டும் மென்பொருள்) ஏற்றியதில் நான்கு ஒரேயடியாகப் படுத்துவிட்டன. "வாட்ச்டாக் ஆன் செய்துதான் இருக்கிறது, பிறகும் ஏன் தானாக மீளவில்லை, இதைவிட நல்ல வாட்ச்டாக் உண்டா?" என்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது வேறொன்று என்று நினைக்கிறேன். பெட்டி பாதி தூக்கத்தில் நிற்கும்போது, அது எழவில்லை என்பதைக் கவனித்து ஏதாவது செய்ய உள்ளே யார் விழித்திருக்கிறார்கள்? இதுதான் கேள்வி. வாட்ச்டாக், அதாவது பெட்டி தொங்கினால் தானாக ரீசெட் செய்யும் காவல் ஏற்பாடு, அதற்கு ஒரு பகுதிப் பதில் மட்டுமே.

பதினேழு வருடமாக மதுரையைச் சுற்றி இந்த வேலைதான் பார்க்கிறேன். சிசிடிவி, கிராமத்து வயர்லெஸ் லிங்க், மோட்டார் ரூமில் இருந்து தகவல் அனுப்பும் பெட்டி, உங்களைப் போலப் பால் நிலையம் என்று எல்லாம் உண்டு. உங்கள் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் எழுதுகிறேன். அதனால் எது நிச்சயம், எது என் ஊகம் என்று அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

முதல் சந்தேகம்: அது பூட் ஆகாமல்தான் நிற்கிறதா? மதுரையில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தெரிவது "ஆஃப்லைன்" என்ற ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. எழவில்லை என்பதும் தொடர்பு இல்லை என்பதும் வேறு வேறு. ரூட்டர் ஒழுங்காக எழுந்து, உள்ளே இருக்கும் 4ஜி மோடம் மட்டும் சிக்கி நின்றாலும் உங்களுக்கு அதே சிவப்புதான். மோடத்துக்குக் கரண்ட் தனி வழியில் போகும் போர்டுகளில், ரூட்டர் ரீபூட் ஆனாலும் மோடம் ரீசெட் ஆகாது. ஒயரைப் பிடுங்கினால்தான் இரண்டும் சேர்ந்து அணையும். அடுத்த தடவை பைக்கில் போகிறவரிடம் ஒன்று சொல்லி அனுப்புங்கள்: ஒயரைத் தொடுவதற்கு முன்னால் எந்த விளக்கு எரிகிறது, எது மினுக்குகிறது என்று போனில் பத்து விநாடி வீடியோ எடுக்கட்டும். அதோடு ஒரு லேப்டாப்பையோ போனையோ அந்த வைஃபையில் சேர்த்துப் பார்க்கட்டும். ரூட்டரின் பக்கம் திறந்தால், அது பூட் சிக்கலே இல்லை, மோடம் சிக்கல். அதற்கு மோடத்தின் மின்சாரத்தை ரூட்டரே அணைத்துப் போடும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும்.

இரண்டாவது சந்தேகம் அடாப்டர். எழுமலைக்கு அந்தப் பக்கம் ஒரு நிலையத்தில் இரண்டு தடவை ஃபர்ம்வேர் மாற்றியும் தீராத ஒரு ரூட்டர் இருந்தது. மூன்றாவது தடவை மூடியைக் கழற்றி, பூட் ஆகும்போது வரும் வரிகளைத் தரும் சீரியல் முனையில் லேப்டாப்பின் யூஎஸ்பி டிடிஎல் ஒயரை மாட்டி, 1,15,200 வேகத்தில் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். லினக்ஸைக் கிளப்பும் பூட்லோடர் வந்தது, லினக்ஸின் மையமான கெர்னல் வந்தது, வரிகள் சரசரவென்று ஓடின. வைஃபை ரேடியோ கிளம்பும் வரி வந்ததும் திரை ஒரு நொடி நின்று, மறுபடி முதல் வரியிலிருந்து. ஏழு தடவை பார்த்தேன், ஏழு தடவையும் அதே இடம். மல்டிமீட்டரை வைத்தால் சும்மா இருக்கும்போது 12 வோல்ட் காட்டுகிற அடாப்டர், ரேடியோ கிளம்பும் நொடியில் 9 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தது. நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி எட்டிப் பார்த்து, "அண்ணே, டெஸ்டிங் மிசினோட அடாப்டரும் இதே சைஸ்தாண்ணே, அதை மாட்டிப் பாப்பமா?" என்றான். மாட்டினோம். எழுந்துவிட்டது. பழைய அடாப்டருக்குள் இருந்தது தகரக் கூரைக்கு அடியில் மூன்று கோடை வெந்த கண்டென்சர். கொதிக்கும் வேளையில் பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் சுமார் பாதியாகும் என்பது மின்னணுத் தொழிலில் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. ஃபர்ம்வேர் மேல் சந்தேகப்படுவதற்கு முன்னால் நல்ல 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போவது என் பழக்கமானது அன்றிலிருந்துதான்.

இவை இரண்டும் இல்லை, உண்மையிலேயே பூட் நடுவில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கரண்ட் வந்த நொடியிலிருந்து உள்ளே ஒரு தொடர் ஓட்டம் நடக்கிறது. சிப்புக்குள் அழிக்க முடியாதபடி பொறித்த பூட் ரோம் முதலில் விழிக்கும். அது ஃபிளாஷிலிருந்து (கரண்ட் போனாலும் அழியாத சேமிப்புச் சிப்) பூட்லோடரை எடுக்கும்; உங்கள் வகை ரூட்டர்களில் அது பெரும்பாலும் யூ-பூட். யூ-பூட் லினக்ஸ் கெர்னலை எடுத்து ஓட விடும். கெர்னல் ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் செய்யும். ஓபன்டபிள்யூஆர்டியில் அது இரண்டு அடுக்கு: கீழே எழுத முடியாத ஸ்குவாஷ்எஃப்எஸ், மேலே நம் அமைப்புகள் எழுதப்படும் ஓவர்லே. அதன் பிறகுதான் ப்ராக்டி என்கிற முதல் புரோகிராம் வந்து, நெட்வொர்க், மோடம், உங்கள் சர்வருக்குப் போகும் தனிவழியான டனல் எல்லாவற்றையும் கிளப்பும். ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்தவரிடம் கையைப் பிடித்துக் கொடுத்துவிட்டு முந்தையவர் போய்விடுகிறார். கொடுத்த பிறகு திரும்பிப் பார்க்க யாரும் இல்லை. ஒரு கட்டம் விழுந்தால் அதைத் தூக்க வேண்டியவர் அதற்கு முந்தைய கட்டத்தில் இருப்பவரே. விழுந்தவரே தன்னைத் தூக்கிக்கொள்ள முடியாது. நான் கீழே சொல்லப்போகும் எல்லாம் இந்த ஒன்றின் மேல் நிற்கிறது.

இப்போது உங்கள் வாட்ச்டாக். அது சிப்புக்குள் இருக்கும் ஒரு எண்ணி. குறித்த நேரத்துக்குள் யாராவது வந்து அதைத் தட்டாவிட்டால் சிப்பை ரீசெட் செய்துவிடும். ஓபன்டபிள்யூஆர்டியில் அதைத் தட்டுவது ப்ராக்டி. இயல்பாக 5 விநாடிக்கு ஒரு தடவை தட்டும், 30 விநாடி தட்டாவிட்டால் ரீசெட். நீங்கள் "ஆன் செய்திருக்கிறேன்" என்று சொல்வது இதைத்தான். ஆனால் ப்ராக்டி வருவது ஓட்டத்தின் கடைசியில். அதற்கு முன் கெர்னல் தொங்கினால், பல போர்டுகளில் வாட்ச்டாக் இன்னும் ஓடவே தொடங்கியிருக்காது. ஆகவே அதை யூ-பூட்டிலேயே ஓட விட வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, எனக்கே இது பிடிபட இரண்டு நாள் ஆனது. யூ-பூட் வாட்ச்டாகை ஓட விட்டுக் கொடுத்தாலும், லினக்ஸ் அதைப் பார்த்ததும் "மேலே யாராவது வந்து பொறுப்பெடுக்கும் வரை நானே தட்டிக்கொண்டிருக்கிறேன்" என்று கெர்னலுக்குள்ளிருந்தே தட்டத் தொடங்கும். ப்ராக்டி வரவே இல்லை என்றாலும் கெர்னல் விசுவாசமாகத் தட்டிக்கொண்டே இருக்கும். பெட்டி ஆயுசுக்கும் நிற்கும். அதற்காகவே கெர்னலில் ஹேண்டில் பூட் எனேபிள்டு என்ற அமைப்பும், ஓப்பன் டைம்அவுட் என்ற அமைப்பும் இருக்கின்றன. முதலாவதை அணைத்தால் கெர்னல் தானாகத் தட்டாது. அப்போது வாட்ச்டாகின் நேரம் முழு பூட்டுக்கும் போதுமானதாக இருக்க வேண்டும். சில சிப்புகளில் அந்த நேரம் அவ்வளவு நீளாது. இரண்டாவது, இத்தனை விநாடிக்குள் மேலே யாரும் வராவிட்டால் தட்டுவதை நிறுத்திவிடு என்கிறது. நான் இரண்டாவதை 120 விநாடி என்று வைப்பேன்.

இதோடு சேர்ந்தது பேனிக் அமைப்பு. ரூட் ஃபைல் சிஸ்டம் கிடைக்காவிட்டால் கெர்னல் பேனிக் ஆகும், அதாவது மேலே போக முடியாமல் கைவிட்டுவிடும். லினக்ஸின் மூல இயல்பில் பேனிக் நேரம் 0, அதாவது ரீபூட் ஆகாமல் அப்படியே நின்றுவிடு. ஓபன்டபிள்யூஆர்டி பூட் ஆன பிறகு சிஸ்சிடிஎல் என்ற கெர்னல் அமைப்பு வழியாக இதை 3 விநாடி என்று மாற்றிக்கொள்கிறது; ஆனால் பூட் ஆகிற வழியிலேயே விழும் பேனிக்குக்கு அது உதவாது. கெர்னல் கட்டளை வரியிலேயே பேனிக் 10 என்று எழுதி வையுங்கள். ஒரே சொல்தான், ஒரு பயணம் மிச்சம்.

இதுவரை சொன்னதெல்லாம் தற்காலிகத் தடுமாற்றத்துக்கு. மறுபடி முயன்றால் சரியாகிவிடும் வகை. உங்கள் இரண்டாவது சிக்கல், அதாவது ஃபர்ம்வேர் ஏற்றிப் படுத்த நான்கு, வேறு வகை. அங்கே ரீசெட் ஆயிரம் தடவை ஆனாலும் அதே உடைந்த கெர்னல்தான் வரும். வாட்ச்டாக் மட்டும் இருந்தால் முடிவில்லாத சுற்று. அதை உடைக்க ஒரு நினைவு வேண்டும்: எத்தனை தடவை முயன்றாயிற்று என்கிற எண். யூ-பூட்டில் அது இருக்கிறது. பூட்கவுன்ட் என்ற எண் ஒவ்வொரு ரீசெட்டிலும் ஒன்று கூடும். பூட்லிமிட் என்று நீங்கள் வைத்த எல்லையை அது தாண்டினால், வழக்கமான பூட் கட்டளைக்குப் பதிலாக ஆல்ட்பூட்சிஎம்டி என்ற மாற்றுக் கட்டளை ஓடும். பூட் நல்லபடியாக முடிந்தது என்று தெரிந்தபின், லினக்ஸ் பக்கத்திலிருந்து எஃப்டபிள்யூ செட்என்வ் கட்டளையால் அந்த எண்ணைத் திரும்பச் சுழியமாக்க வேண்டும். இந்தச் சுழியமாக்கும் வேலை யூ-பூட்டுடையது அல்ல, உங்களுடையது. அதைச் செய்யாமல் பூட்லிமிட் மட்டும் வைத்துவிட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டிகள் எல்லாம் ஒரு நாள் காரணமில்லாமல் பழைய ஃபர்ம்வேருக்குப் போய்விட்டன என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு.

அப்படியானால் "நல்லபடியாக முடிந்தது" என்று எப்போது சொல்வது? நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்பும் இடம் இதுதான். பலர் பூட் ஸ்கிரிப்டின் கடைசி வரியில் சுழியமாக்கிவிடுகிறார்கள். ஸ்கிரிப்ட் முடிந்தது என்பதற்கு அது சாட்சி. சிம் எழுந்து, டனல் பிடித்து, நீங்கள் மதுரையிலிருந்து உள்ளே நுழைய முடிகிறது என்பதற்குச் சாட்சி இல்லை. புது ஃபர்ம்வேரில் மோடத்தின் டிரைவர் விட்டுப்போயிருந்தால், பெட்டி சுகமாக எழுந்து "நலம்" என்று தனக்குத் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்டு, உங்களுக்கு எட்டாமல் உட்கார்ந்திருக்கும். ஆகவே புது ஃபர்ம்வேர் ஏற்றிய பிறகு, உங்கள் சர்வரை டனல் வழியாகத் தொட்டு, ஒரு பதில் வாங்கி, அது பத்து நிமிடம் நிலைத்தால்தான் சுழியமாக்க வேண்டும்.

ஆனால் இதை எல்லா நாளும் வைத்தால் வேறு வினை வரும். பேரையூர் பக்கம் டவர் ஒரு நாள் படுத்துக் கிடக்கிறது, அன்றைக்கே மூன்று தடவை கரண்ட் போய் வருகிறது என்றால், பெட்டியில் ஒரு குறையும் இல்லாமலே எண்ணிக்கை எல்லையைத் தாண்டிவிடும். இதற்குத்தான் யூ-பூட்டில் அப்கிரேடு அவைலபிள் என்ற மாறி. எண்ணை ஃபிளாஷில் சேமிக்கும் முறையில், அது 1 ஆக இருக்கும்போது மட்டும் பூட்கவுன்ட் எழுதப்படும். ஃபர்ம்வேர் ஏற்றும்போது 1, சோதனை தேறியதும் 0. சோதனைக் காலத்தில் கண்டிப்பு, மற்ற நாட்களில் பொறுமை. ஃபிளாஷும் தேயாது, சாதாரண நார் வகை ஃபிளாஷ் ஒவ்வொரு பகுதியையும் சுமார் ஒரு லட்சம் தடவை அழித்து எழுதத் தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள், ஒவ்வொரு பூட்டுக்கும் அதில் ஒன்றைச் செலவழிக்க வேண்டியதில்லை. எண்ணைச் சிப்பின் ரிஜிஸ்டரில் வைக்கும் முறையும் உண்டு. அது வாட்ச்டாக் ரீசெட்டைத் தாங்கும். கரண்ட் போனால் மறந்துவிடும். நம் ஊருக்கு ஃபிளாஷ் முறைதான் பொருந்தும். அதிலும் யூ-பூட் அமைப்புப் பகுதி இரண்டு பிரதியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே பிரதி என்றால், அதை எழுதும் நொடியில் கரண்ட் போனதும் அடுத்த பூட்டில் "பேட் சிஆர்சி, யூசிங் டிஃபால்ட் என்விரான்மென்ட்" (அமைப்பு கெட்டுவிட்டது, இயல்பு அமைப்பை எடுக்கிறேன்) என்று சொல்லிவிட்டு, நீங்கள் வைத்த பூட்லிமிட், மாற்றுக் கட்டளை எல்லாவற்றையும் மறந்துவிட்டுக் கிளம்பும்.

மாற்றுக் கட்டளை எங்கே போக வேண்டும்? இடம் இருந்தால் பக்கத்திலேயே முழுதாக இன்னொரு ஃபர்ம்வேர். ஏ, பி என்று இரண்டு பங்காகப் பிரித்து, ஓடாத பங்கில் மட்டும் புதியதை எழுதுவது. ஓடிக்கொண்டிருப்பதைத் தொடவே கூடாது. ஆண்ட்ராய்டு போன்களில் 2016ல் வந்த 7.0 பதிப்பிலிருந்து இந்த ஏற்பாடு உண்டு. லிங்க்சிஸின் டபிள்யூஆர்டி வரிசை ரூட்டர்கள் மூன்று தடவை பூட் தோற்றால் தானாக மறு பங்குக்குப் போகும். மைக்ரோடிக்கில் பார்ட்டிஷன் பிரித்து, இது தோற்றால் அதற்குப் போ என்று குறிக்கலாம். சிஸ்கோவில் பூட் சிஸ்டம் வரிகளை ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக எழுதினால் வரிசையாக முயலும். உங்களிடம் இருப்பது 16 எம்பி ஃபிளாஷ் என்றால் இரண்டு முழு ஃபர்ம்வேர் உட்காருவது கடினம். அப்போது மிகச் சிறிய மீட்பு ஃபர்ம்வேர் ஒன்றை, முழுதும் ரேமில் ஓடும்படி, ஒரு மூலையில் வைத்துப் பூட்டிவிடலாம். வைஃபை வேண்டாம், வெப் பக்கம் வேண்டாம். சிம், டனல், தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் எஸ்எஸ்எச் மூன்றும் போதும். அது எழுந்தால் நீங்கள் உள்ளே போய்ப் பெரியதைச் சரி செய்துகொள்ளலாம்.

இதில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறு. ஓவர்லே கெட்டுப்போனால் அதை விட்டுவிட்டுக் கீழ் அடுக்கை மட்டும் வைத்து எழுவது நல்ல வழிதான். ஓபன்டபிள்யூஆர்டியின் ஃபெயில்சேஃப் அதைத்தான் செய்கிறது, ஆனால் யாராவது பொத்தானை அழுத்த வேண்டும். அதைப் பூட்கவுன்டைப் பார்த்துத் தானாக நடக்கும்படி பூட்டின் தொடக்க ஸ்கிரிப்டில் சேர்க்கலாம். சேர்த்து, வெற்றியாக எழுந்துவிடும். ஆனால் சிம்மை இணையத்தில் சேர்க்கும் ஏபிஎன் எங்கே? டனலின் சாவி எங்கே? எல்லாம் ஓவர்லேயில் அல்லவா இருந்தது! பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்தில் 192.168.1.1 என்று உட்கார்ந்து உங்களைக் கூப்பிடாமல் இருக்கும். ஆகவே உங்கள் ஏபிஎன், சர்வர் முகவரி, அவசரத்துக்கு மட்டுமான ஒரு சாவி ஆகியவற்றை இமேஜ் பில்டர் என்ற ஓபன்டபிள்யூஆர்டி கருவியால் ஃபர்ம்வேருக்குள்ளேயே சேர்த்துக் கட்டுங்கள். அந்தச் சாவிக்குச் சர்வரில் மிகக் குறைந்த அனுமதியே இருக்கட்டும், ஏனெனில் பெட்டி களவுபோனால் சாவியும் போகும்.

சேமிப்பைத் தொடாமல் எழுவது எவ்வளவு பெரிய காப்பு என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் செவ்வாய்க் கிரகத்தில் இருக்கிறது. 2004 ஜனவரியில் நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி திடீரென்று அறுபது தடவைக்கு மேல் ரீபூட் ஆகிக்கொண்டே இருந்தது. ஃபிளாஷில் கோப்புகள் பெருகி, அதை மவுண்ட் செய்யும்போதே நினைவகம் போதாமல் விழுந்தது. விழுந்ததும் ரீபூட், மறுபடி மவுண்ட், மறுபடி விழுவது. பூமியிலிருந்து "ஃபிளாஷைத் தொடாமல் எழு" என்று கட்டளை அனுப்பி எழுப்பினார்கள், பிறகு கோப்புகளை அழித்தார்கள். அந்தக் கட்டளைக்கான வழியை ஏவுவதற்கு முன்பே உள்ளே வைத்திருந்தார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.

இனி, பெட்டிக்குள் எதை வைத்தும் தீராதவை. "ஒயரைப் பிடுங்கி மாட்டினால் வந்துவிடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி எனக்கு நிறையச் சொல்கிறது. ஃபிளாஷில் இருப்பது கெடவில்லை என்பது நிச்சயம். கெட்டிருந்தால் பிடுங்கி மாட்டினாலும் வராது. சிப் ஏதோ ஒரு அரைகுறை நிலையில் சிக்கி நிற்கிறது. கரண்ட் ஒழுங்காகப் போய் ஒழுங்காக வந்தால் இது நடக்காது. மினுக் மினுக்கென்று இரண்டு மூன்று தடவை வந்து போய் வரும்போதும், இன்வெர்ட்டர் மாறும் நொடியிலும்தான் நடக்கும். மின்னழுத்தம் ரீசெட் ஆகும் அளவுக்குக் கீழே போகாமல், ஒழுங்காக ஓடும் அளவுக்கு மேலேயும் இல்லாமல் நடுவில் நின்றால் சிப்புக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. உங்களுக்கும் இதுதான் என்பது என் ஊகம், வலுவான ஊகம்.

இன்னொரு வகையும் உண்டு, இதை ஒரு சோதனையில் உறுதி செய்துகொள்ளலாம். 16 எம்பிக்கு மேல் உள்ள நார் ஃபிளாஷ்களை முழுதாகப் படிக்க நான்கு பைட் முகவரி வேண்டும். லினக்ஸ் சில போர்டுகளில் ஃபிளாஷை அந்த நிலைக்கு மாற்றிவிடும். வாட்ச்டாக் ரீசெட் சிப்பைத்தான் ரீசெட் செய்யும், ஃபிளாஷை அல்ல. பூட் ரோமோ மூன்று பைட்டில் கேட்கும். ஃபிளாஷ் நான்கு பைட்டுக்குக் காத்திருக்கும். அங்கேயே முடிந்தது. இந்தக் குறை உள்ள போர்டுகளுக்காகவே லினக்ஸின் டிவைஸ் ட்ரீயில் (போர்டின் பாகங்களை விவரிக்கும் கோப்பு) ப்ரோக்கன் ஃபிளாஷ் ரீசெட் என்று ஒரு குறி வைத்திருக்கிறார்கள். அந்தக் குறி இருந்தால் சாதாரண ரீபூட்டுக்கு முன் லினக்ஸ் ஃபிளாஷைப் பழைய நிலைக்கு மாற்றிவிடும். வாட்ச்டாக் திடீரென்று ரீசெட் செய்யும்போது அதற்கும் வாய்ப்பில்லை. இப்படிப்பட்ட போர்டில் வாட்ச்டாக் உங்களைக் காப்பாற்றாது. அதுவே உங்களைப் படுக்க வைக்கும். மேசையில் ஒரு பெட்டியை வைத்து வாட்ச்டாகைத் தட்டுவதை நிறுத்திப் பாருங்கள். இருபது தடவையும் தானாக எழுந்தால் இந்தக் கவலை இல்லை.

இந்த இரண்டுக்கும் மருந்து வெளியே இருக்கிறது: கரண்டை உண்மையாகவே அறுத்து மாட்டும் ஒரு சின்னப் பெட்டி. ஒரு மலிவான மைக்ரோகன்ட்ரோலர், ஒரு ரிலே. டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ரிலே போர்டாகவே கிடைக்கும். அறுக்க வேண்டியது ரூட்டருக்குப் போகும் 12 வோல்ட் ஒயரை. மினி யூபிஎஸ் வைத்திருந்தால் அதற்குப் பின்னால். ரிலேயில் என்சி முனையில் (ரிலே இழுக்காதபோதும் இணைந்திருப்பது) மாட்டுங்கள், ரிலே போர்டே செத்தாலும் ரூட்டருக்குக் கரண்ட் தடைபடாது. ரூட்டரின் ஒரு ஜிபிஐஓ முனை (மென்பொருளால் அணைத்துப் போடக்கூடியது) அல்லது ஏதாவது ஒரு எல்இடி ஒழுங்காக மினுக்குவதை உயிர்த்துடிப்பாக வையுங்கள். பிங்கை (சர்வர் பதில் தருகிறதா என்ற சோதனையை) நம்பி அறுக்க வேண்டாம். டவர் போனாலும் அறுக்கும். பத்து நிமிடம் துடிப்பில்லை என்றால் பதினைந்து விநாடி அறுத்து மாட்டு, கண்டென்சர்கள் முழுதும் வடியட்டும். மூன்று தடவை தோற்றால் ஒரு மணி நேரம் சும்மா இரு, பிறகு முயல். அதே மைக்ரோகன்ட்ரோலரில் இன்னொன்றும் சேருங்கள்: கரண்ட் வந்ததும் உடனே ரூட்டருக்குக் கொடுக்காமல் இரண்டு நிமிடம் பொறுப்பது. வீட்டு ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசரில் டைம் டிலே இருக்கிறதே, அதே வேலை. இதற்கு மட்டும் ரிலேயை முதல் நொடியிலேயே இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். என் அனுபவத்தில் இந்தப் பொறுமை ஒன்றே பாதிப் பயணங்களை நிறுத்தியது. உங்கள் பெட்டிகளிலும் அதே அளவு பலன் தரும் என்று உறுதி கூற மாட்டேன். ஆனால் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான், காரணம் ஃபர்ம்வேரைத் தொடவே வேண்டியதில்லை.

தொலைவிலிருந்து ஃபர்ம்வேர் ஏற்றுவதில் எனக்கு ஒரு விதி உண்டு, எவ்வளவு அவசரமானாலும் மீறுவதில்லை. பூட்லோடரைத் தொலைவிலிருந்து மாற்றுவதில்லை. மேலே சொன்ன மீட்பு எல்லாம் பூட்லோடர் உயிரோடு இருக்கும் வரைதான். அது போனால் பெட்டிக்குள் விழித்திருப்பவர் அழிக்க முடியாத பூட் ரோம் ஒருவரே, அவரிடம் பேச ஒயரோடு நேரில்தான் போக வேண்டும். மற்றபடி ஏற்றும் முன் ஓபன்டபிள்யூஆர்டியில் ஃபர்ம்வேர் ஏற்றும் கட்டளையான சிஸ்அப்கிரேடில் -T என்ற சோதனைக் குறியோடு ஓட்டி இமேஜ் பொருந்துகிறதா என்று பார்த்துவிடுங்கள். முதலில் உங்களுக்கு மிக அருகில் இருக்கும் பெட்டிக்கு, மறுநாள் இரண்டுக்கு, பிறகு மீதிக்கு. காலைப் பாலும் மாலைப் பாலும் வராத நடுப்பகலில் ஏற்றுங்கள். அன்று மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இல்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள். அமைப்புகளை மட்டும் மாற்றுவதானால் தானாகத் திரும்பும் வழியைப் பயன்படுத்துங்கள். ஜூனிப்பரில் கமிட் கன்ஃபர்ம்டு இயல்பாக 10 நிமிடத்தில் மறு உறுதி கேட்கும், வராவிட்டால் பழையதுக்குத் திரும்பும். மைக்ரோடிக்கில் சேஃப் மோடு இருக்கிறது. ஓபன்டபிள்யூஆர்டியில் கட்டளை வரியில் வேலை செய்யும்போது பழைய அமைப்பைப் பிரதி எடுத்துவைத்து, பத்து நிமிடத்தில் அதைத் திரும்ப வைக்கும் ஒரு ஸ்கிரிப்டை ஓட விட்டு, எல்லாம் சரியென்றால் அதை நிறுத்துவேன்.

நான் சொன்ன யூ-பூட் வேலைகள் உங்கள் மாடலில் நடக்குமா என்பது இங்கிருந்து சொல்ல முடியாத விஷயம். சில மாடல்களில் தயாரிப்பாளர் பழைய யூ-பூட்டை வைத்து, பூட்கவுன்ட் இல்லாமலே அனுப்புகிறார்கள். சீரியலில் பூட்டை இடைநிறுத்தி, அச்சிடும் மாறிகளில் பூட்லிமிட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வெளிப்பெட்டியும், கெர்னல் பக்கத்து அமைப்புகளும், ஓவர்லேயைத் தாண்டும் ஸ்கிரிப்டும் மட்டுமே உங்களுக்கு மிஞ்சும். அவையே குறைவில்லை. எதை வைத்தாலும் களத்துக்கு அனுப்பும் முன் மேசையில் கொல்லப் பாருங்கள். நான் ஒரு ரிலேயை வைத்து, பூட் தொடங்கி 2 விநாடியிலிருந்து 90 விநாடி வரை ஏதாவது ஒரு இடத்தில் கரண்டை அறுக்கும்படி இரவெல்லாம் ஓட விடுவேன். காலையில் சீரியல் பதிவைப் படிப்பேன். பிறகு கையாலேயே கெர்னல் பகுதியில் குப்பையை எழுதி, மீட்பு ஃபர்ம்வேருக்குப் போகிறதா என்று பார்ப்பேன். ஒரு தடவை கூடத் தோற்றுப் பார்க்காத மீட்பு ஏற்பாட்டை நான் கணக்கில் வைப்பதில்லை.

படுத்துவிட்ட நான்கு பெட்டிகளில் ஒன்றையாவது யாரும் பொத்தானை அழுத்தாமல், திரும்ப ஃபர்ம்வேர் ஏற்றாமல், அப்படியே அதன் அடாப்டரோடு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சீரியலை மாட்டி, கரண்ட் கொடுத்து, முதல் வரியிலிருந்து நிற்கும் வரி வரை முழுதாக இங்கே ஒட்டுங்கள். எந்த வரியில் நிற்கிறது என்று பார்த்தால் யூ-பூட் உயிரோடு இருக்கிறதா, மீதி மூன்றையும் ஒயர் இல்லாமல் மீட்க முடியுமா என்று சொல்லிவிடலாம்.